நாட்டின் கடனும் நம் பேரேடும்



பேராக் ரப்பர் தோட்டங்களின் வாசலில் நம் முன்னோர் கடை வைத்திருந்த காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பற்றுப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். சம்பள நாளன்று வசூல் நடக்கும். கடைக்காரரோ அந்தச் சரக்கை ஈப்போ டவுனிலுள்ள மொத்த வியாபாரிகள் மூவர் நால்வரிடம் கடனாக எடுத்திருப்பார். 1930-ஆம் ஆண்டையொட்டி வந்த பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பற்றுப் புத்தகத்தில் பெயர்கள் இருந்தன. பணம் தர ஆட்கள் இல்லை.

அந்த நிலையில் ஒரு கடைக்காரருக்கு இரண்டே வழிகள். கடன் கொடுத்த அனைவரையும் ஒன்றாக அழைத்து, கணக்கைத் திறந்து காட்டித் தவணை கேட்பது ஒரு வழி. கல்லாவில் இருப்பதை வழித்து, முதலில் வாசலில் வந்து நிற்பவருக்குக் கொடுத்து, வெளியே யாருக்கும் தெரியாமல் காலம் தள்ளுவது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியில் நெடுந்தூரம் போய்விட்டு, பிறகு முதல் வழிக்குத் திரும்பிய ஒரு நாட்டை நாம் கண்டோம். அது இலங்கை. அதன் கதையில் நமக்கொரு பாடம் உண்டு.

கடன் ஏறிய விதம்

2007-ஆம் ஆண்டு முதல் இலங்கை சர்க்கார் உலகச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை விற்கத் தொடங்கியது. இவற்றுக்கு வட்டி அதிகம். குறித்த நாளில் அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வெளிநாட்டுப் பிரயாணிகளின் வரவு குறைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரியை 8 சதவீதமாகக் குறைத்தார்கள். சர்க்கார் வருமானம் சரிந்தது. 2020-இல் கொரோனா வந்தது. 2021-இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடுத்ததால் விளைச்சலும் கெட்டது.

2019 முடிவில் 760 கோடி அமெரிக்க டாலராக இருந்த கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. அப்போதே கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. 2022 ஜனவரி 18-ஆம் தேதி 50 கோடி டாலர் பத்திரக் கடன் ஒன்றை முழுதாகக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. வாசலில் நின்றவருக்குக் கல்லாவை வழித்துக் கொடுத்த கதைதான்.

மூன்று மாதம் தாங்கவில்லை. 2022 ஏப்ரல் 12-இல், வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அப்போதைய நிதி மந்திரி அலி சப்ரி வாஷிங்டன் சென்று சர்வதேச நாணய நிதியத்துடன் பேச்சைத் தொடங்கினார். உபயோகிக்கத்தக்க கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதம் பார்லிமெண்டில் அவரே சொன்னார். ஒரு நாட்டின் கல்லாப் பெட்டி அது!

உதவியா, கடனா?

ஆபத்துக் காலத்தில் முதலில் கை கொடுத்தது இந்தியா. 2022-இல் அது செய்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். இதில் பெரும்பகுதி இனாம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உணவு, மருந்து முதலிய அத்தியாவசியப் பொருள்களை வாங்க 100 கோடி டாலர் கடன் வசதி. எரிபொருளுக்கு 50 கோடி. மற்றவை நாணயப் பரிமாற்றமும் ஒத்திவைத்த பாக்கிகளும். நம் பாஷையில், சரக்கை இப்போது எடுத்துக்கொள், பணத்தைப் பிறகு கொடு என்பதாகும். இனாமாகப் போனதும் உண்டு. 2022 மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக சர்க்கார் அனுப்பிய கப்பலில் அரிசியும் பால் மாவும் மருந்தும் போயின.

சரக்குக் கடன் அன்றைய பசியைத் தீர்க்கும். பழைய கடனைத் தீர்க்காது. அதற்குத்தான் பேச்சுவார்த்தை.

ஒரே மேஜை, ஒரே அளவுகோல்

1956-இல் அர்ஜென்டினாவின் கடனைப் பேச, கடன் கொடுத்த நாடுகள் பாரிஸ் நகரில் கூடின. அதிலிருந்து பாரிஸ் கிளப் என்ற கூட்டம் உண்டாயிற்று. அதன் முக்கிய விதி இதுதான்: ஒரு கடன்காரருக்குக் கொடுக்கும் சலுகைக்குச் சமமான சலுகையை மற்றவர்களும் தர வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்த பணம் இன்னொருவரின் பைக்குள் போய்விடக் கூடாது.

இலங்கை விஷயத்தில் இந்தியாவும் சீனாவும் பெரிய கடன்காரர்கள். இரண்டும் பாரிஸ் கிளப்பில் இல்லை. நாணய நிதியத்தின் அதிகாரிகள் 2022 செப்டம்பர் 1-இல் உடன்பாடு கண்டார்கள். ஆயினும் கடன் கொடுத்த நாடுகள் உறுதிமொழி தராமல் பணம் வராது. இந்தியா 2023 ஜனவரியிலும், பாரிஸ் கிளப் பிப்ரவரியிலும் உறுதி தந்தன. சீனாவின் போதுமான உறுதி மார்ச்சில்தான் வந்தது. மார்ச் 20-இல் நிதியம் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி டாலர் அனுமதித்தது. ஒருவரையொருவர் பார்த்து நின்றதில் ஆறு மாதம் கழிந்தது.

பிறகு ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் ஆகியவற்றின் கூட்டுத் தலைமையில் 17 நாடுகளின் கமிட்டி அமைந்தது. 2024 ஜூன் 26-இல் அக்கமிட்டியுடன் 580 கோடி டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. சீனாவின் எக்ஸிம் வங்கியுடன் சுமார் 420 கோடிக்குத் தனி ஒப்பந்தம். தவணைகள் 2028 வரை ஒத்திவைக்கப்பட்டு, 2043 வரை கட்ட அவகாசம் கிடைத்ததாக அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க அறிவித்தார். தனியார் கையிலிருந்த பத்திரங்களில் சுமார் 1,250 கோடி டாலருக்குரியவை அவ்வாண்டு டிசம்பரில் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டன. அதில் அசலிலேயே கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைப்பு. நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கொடுக்க வேண்டியதும் கூடும்.

தாமதத்தின் விலை

இந்தக் கடன் பத்திரங்களில் கையெழுத்திடாதவர்கள்தாம் தாமதத்தின் விலையைக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. 2021-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தபோது, அது சுமார் 5 டாலர். டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே சம்பளம் 3 டாலருக்கும் கீழே போயிற்று. 8 சதவீதமாகக் குறைத்த வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, தொழிலாளரின் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களையும் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். தேயிலை பறித்த கையின் முதுமைக் காலப் பணமும் அதிலே இருந்தது.

நமக்குரிய பாடம்

கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், விட்டுக்கொடுப்பது அதனினும் நன்று என்றும் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. இலங்கைக்கு அவகாசம் கொடுத்த நாடுகள் கருணையால் மட்டும் கொடுக்கவில்லை. கடை மூடிவிட்டால் கடனும் போய்விடும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் உண்டு. இங்கே தர்மமும் கணக்கும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன.

ஆனால் அவகாசம் கேட்பவருக்கும் கடமை உண்டு. தவணை தவறுவதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும். பேரேட்டை மறைக்காமல் காட்ட வேண்டும். ஒருவருக்கு இரகசியமாகக் கட்டி மற்றவரை ஏமாற்றக் கூடாது. புதிய தவணையை எழுத்தில் வைக்க வேண்டும். கடன் கொடுத்தவரும், முந்திக்கொண்டு சரக்கை அள்ளுவதை விட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கணக்கு இறங்குமுகமாக இருக்கிறதென்று தெரிந்தால் இவ்வாரமே போய்ப் பேசுங்கள். நாம் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், நம் கடையில் சம்பளம் வாங்கும் பையனும் நம் வீட்டாருமே விலை கொடுக்கிறார்கள்.