ரூட் கேனல் செய்த பல்லுக்குள் கிருமி புகாமல் இருக்க

ரூட் கேனல் முடிந்தது, வலி போனது, பல்லின் மேல் மாட்டும் கேப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். காப்பாற்றிய பல் இந்த இடைவெளியில் திரும்பவும் கெடலாம். வேருக்குள் அடைக்கும் கட்டா பெர்ச்சா மட்டும் எச்சிலைத் தடுத்து நிறுத்தாது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், பிடுங்கிய பற்களின் வேர்களை முறையாக அடைத்து, மேலே மூடாமல் கிருமிகள் படும்படி வைத்தார்கள். ஒரு வகைக் கிருமி, பாதிக்கும் மேற்பட்ட வேர்களில் 19 நாளிலேயே அடிவரை இறங்கிவிட்டது. நரம்பு எடுத்த பல் ஆரம்பத்திலேயே வலித்துக் காட்டிக்கொடுக்காது. நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

- ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா என்று முன்பே கேளுங்கள். சிகிச்சையின்போது எச்சில் வேருக்குள் போகாமல் தடுக்கும் ரப்பர் திரை அது.
- கேப் செலவையும் சேர்த்து முதல் நாளே விசாரியுங்கள். பணம் போதாமல் பாதியில் நிற்க வேண்டியிராது.
- கடைசி சிட்டிங் அன்றே நிரந்தர ஃபில்லிங்குக்கும் கேப்புக்கும் தேதி வாங்குங்கள். டெம்பரரி ஃபில்லிங் சில வாரங்களில் தேய்ந்து ஓரம் கசியும்.
- கடைவாய்ப்பல் என்றால் கேப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லும் அழுத்தத்தில் பல் விரிசல் விட்டால் கிருமிக்கு அதுவே வழி. முன்பல்லுக்கு ஃபில்லிங்கே போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
- ஃபில்லிங் விழுந்தாலோ கேப் ஆடினாலோ அன்றே போன் செய்யுங்கள். மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் ரூட் கேனலையே திரும்பச் செய்ய வேண்டிவரலாம்.
- கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தைத் தினமும் பிரஷ், ஃப்ளாஸ் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கேப்புக்குச் சொத்தை வராது; அடியில் இருக்கும் பல்லுக்கு வரும்.
- டாக்டர் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர்நுனியில் வரும் சீழ் வலியே இல்லாமல் எலும்பைக் கரைக்கும்.

செய்யக்கூடாதவை

- டெம்பரரி ஃபில்லிங் உள்ள பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய், சூயிங்கம் மெல்லாதீர்கள். ஒரே கடியில் பெயர்ந்து வரும்.
- பல்குத்தி, ஊக்கு கொண்டு அந்த இடத்தை நோண்டாதீர்கள். ஓரத்தில் விழும் சின்ன இடைவெளியே கிருமிக்குப் போதும்.
- கழன்ற கேப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். கிருமியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவீர்கள். கேப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.
- கிராம்புத் தைலப் பஞ்சை வைத்து நாளைக் கடத்தாதீர்கள். வலி மரத்துப்போகும், கசிவு அடையாது.
- மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். வேருக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது.
- ஈறில் வந்த கொப்புளம் உடைந்து வற்றியதும் சரியாகிவிட்டது என்று விடாதீர்கள். சீழுக்கு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
- முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். தொற்று கழுத்துக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.