தோலைக் கேள், விதையைக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

புதுச்சேரிக் கடை ஒன்றில் 'கேபர்னே சாவினோன்' என்று எழுதிய புட்டியைப் பார்த்ததாகவும், அது ஊரின் பெயரல்ல, திராட்சையின் பெயர் என்று தெரிந்து வியந்ததாகவும் எழுதியிருந்தாய். வேளாண்மை படிக்கிறவள் இதைக் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு ஒயினுக்கான திராட்சையை அறிந்துகொள்ள எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் புட்டியும் வேண்டாம், பிரான்சுக்கும் போக வேண்டாம். விழுப்புரத்தில் தள்ளுவண்டியில் விற்கிற, கொட்டையுள்ள கறுப்புத் திராட்சையில் கால் கிலோ வாங்கிக் கண்டாச்சிபுரத்து வீட்டுக்கு எடுத்துப் போ.

வாங்கும்போது பன்னீர் திராட்சைதானா என்று கேட்டுக்கொள். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது அது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத் தோட்டக்கலையில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். நம் ஊரில் கையால் பறித்துத் தின்னும் இந்தப் பழத்திலிருந்து சீனாவின் தியான்ஜின் பக்கம் ஒயின் எடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இனிப்பு ஒயின் ஆகிறது.

முதலில் ஒரு பழத்தைத் துடைக்காமல் பார். மேலே வெண்சாம்பல் பூசியதுபோல் இருப்பது பழமே சுரக்கும் மெழுகு. அடுத்து தோலை உரித்து, சதையை மட்டும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிழி. சாறு ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். இன்னொரு கிண்ணத்தில் தோலோடு நசுக்கி ஊறவிடு. சிறிது நேரத்தில் சிவப்பு இறங்கும். சிவப்பு ஒயினின் அடிப்படை இவ்வளவுதான்: நிறம் தோலில் இருக்கிறது, சாற்றில் இல்லை. தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின். தோலைப் பிரித்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவிட்டால், கறுப்புத் திராட்சையிலிருந்தே வெளிறிய ஒயின் எடுத்துவிடலாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது தோலை மட்டும் மெல்லு. பிறகு விதையைக் கடி. நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு டானின். ஒயின் திராட்சைகளைப் பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீ புட்டியில் பார்த்த கேபர்னேயின் பழம் சின்னது, தோல் தடித்தது. சதையோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம். அதனால்தான் அதன் ஒயின் அடர்ந்த நிறமும் அழுத்தமான துவர்ப்பும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. பன்னீர் திராட்சையின் பலம் வாசனை. லினலூல், ஜெரானியால் என்ற மணப்பொருள்கள் அதில் உண்டு. ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது. பழத்தை முகர்ந்தால் பன்னீர் நினைவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் துவர்ப்பு குறைவு என்பதால் இதன் ஒயினில் அழுத்தம் குறைவாக இருக்கும். பிரான்சிலேயே வான்டூ மலைப்பகுதியில் இதை உண்ணும் பழமாகத்தான் போற்றுகிறார்கள்.

பன்னீர் திராட்சையின் வரலாற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று செய்திகளில் படிப்பாய். ஆனால் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் சீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் இந்த ரகத்தை உருவாக்கியது 1850 வாக்கில் என்கிறது தோட்டக்கலை வரலாறு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பெற்றோரைப் பற்றி இந்தச் சந்தேகம் இல்லை: மரபணுச் சோதனையில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, மற்றது ஸ்கியாவா கிராஸா என்று தெரிந்துவிட்டது. கேபர்னேயின் பெற்றோரும் 1990-களில் கலிஃபோர்னியாவில் இதே வழியில்தான் தெரியவந்தனர். கேபர்னே ஃபிராங்க் என்ற கறுப்புத் திராட்சையும், சாவினோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்ந்த பிள்ளை அது.

மல்லாட்டையும் கரும்பும் பார்த்து வளர்ந்த உனக்குக் கம்பத்துத் தோட்டம் புதுமையாக இருக்கும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்குமேல் பந்தலாகக் கொடியைப் படரவிடுவார்கள். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து 1895 முதல் வரும் தண்ணீர்தான் அந்தப் பள்ளத்தாக்கின் உயிர். குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். இங்கே அந்த உறக்கம் இல்லை, விவசாயியின் கத்தரிதான் பருவத்தைத் தொடங்கிவைக்கிறது. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், விலை விழும், விற்காத பழத்தை வைத்திருக்க வழியில்லை. ஒயின் ஆலை வேண்டும் என்று அந்தப் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். ஆலையோ குளிர்பதனக் கிடங்கோ பழச்சாற்றுக்கூடமோ, ஏதோ ஒன்று அருகிலேயே இருந்தாக வேண்டும். இவ்வளவு மணமுள்ள பழம் குப்பைக்குப் போவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

விடுமுறையில் கம்பம் போனால் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முன்அனுமதி வாங்கிப் பார். அடிச்சாம்பல் நோய் தாக்கிய இலை ஒன்றைக் காட்டச் சொல். உங்கள் ஊரின் ஐப்பசி மழையில் கொடி வளர்க்க நினைத்தால் முதலில் சந்திக்கப்போவது அந்த நோயைத்தான். பிறகு சுருளிப்பட்டிப் பக்கம் போ. ஒரு தோட்டத்தில் கவாத்தும், அடுத்ததில் பூவும், அதற்கடுத்ததில் பறிப்பும் ஒரே காலையில் பார்க்கக் கிடைக்கும். பிரான்சில் அவற்றைப் பார்க்க நீ பல மாதங்கள் தங்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்