சந்தாவில் வாழும் மடல்

கேள்வி: அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ மூலம் வெளிநாடுகளில் தொண்டாற்றித் திரும்பியவர்கள் நடத்தும் செய்திமடல்களுக்கு அரசுதான் பணம் தருகிறதா?

பதில்: இல்லை. 1961இல் கென்னடி தொடங்கிய பீஸ் கோர், அரசு அமைப்பு. திரும்பியவர்களின் தேசியச் சங்கம் 1979இல் உருவான தனி அமைப்பு. பணியாற்றிய நாட்டின் பெயரில் இயங்கும் சிறு குழுக்களும் உண்டு. அவற்றின் மடல்களுக்கு அச்சுக்கூலியும் தபால் செலவும் பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவிலிருந்தே வருகின்றன.

இது நியாயமான ஏற்பாடுதான். இரண்டாண்டு நேபாளத்து மலைக்கிராமத்தில் பாடம் நடத்தியவருக்கு, அந்தப் பக்கத்துச் சேதியை வேறு எந்தப் பத்திரிகை தேடித் தரும்? வாசிப்பவரே பணம் கட்டுவதால், எதை எழுதுவது என்று வெளியார் யாரும் கட்டளையிட முடியாது.

மடலைத் தாண்டிய பணிகளுக்குப் பணம் திரட்ட, சந்தா அல்லாத வழியும் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் குழு 1988 முதல் பன்னாட்டு நாள்காட்டி அச்சிட்டு விற்று, அந்த வருமானத்தை வளர்ச்சிப் பணிகளுக்கு வழங்கி வருகிறது.