முழங்கால்கள் சேர்ந்தே இருக்கட்டும்

ஆறாம் மாதம், ஏழாம் மாதம் ஆனதும் சில பெண்களுக்குப் புரண்டு படுப்பதே பெரும்பாடாகிவிடும். அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் சுருக்கென்று குத்தும். பின்னால், இடுப்பும் பிட்டமும் சேரும் இடத்தில் ஒரு பக்கமோ இரு பக்கமோ வலிக்கும். சில நேரம் தொடை வரை இறங்கும். நடக்கும்போது 'நறுக்' என்று சத்தம்கூடக் கேட்கும். ஒற்றைக் காலில் நின்று பாவாடையை மாட்ட முடியாது. வீட்டில் சொன்னால், "சூட்டு வலி, சோம்புத் தண்ணி குடி" என்பார்கள். அல்லது, "நாங்கல்லாம் பிள்ளை பெறலையா? குனிஞ்சு நிமிந்து வேலை பாத்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்று விளக்குமாற்றைக் கையில் கொடுப்பார்கள்.

இந்த வலி உள்ள பெண்ணுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. இதை மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும்தான் முதலில் சொல்கிறேன். இது இடுப்பு எலும்பு மூட்டுகளின் வலி. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வரும். நம் இடுப்பெலும்பு வளையத்தில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று மூட்டுகள் உண்டு. கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து, வயிறு முன்னால் தள்ளி, உடல் எடை விழும் இடம் மாறும்போது இந்த மூன்றும் ஒரே சீராக அசையாமல் போகலாம். முன்பு இடுப்பில் அடிபட்டவர்கள், முதல் கர்ப்பத்தில் இதே வலி கண்டவர்கள், உடலுழைப்பு வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். இதனால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமும் ஆகிறது. ஆனால் பொறுத்துக்கொண்டே போனால் வலி முற்றும்.

வலியைக் கூட்டுவது எது? இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று விலகுவதும், ஒரே காலில் எடை இறங்குவதும்தான். இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

சுந்தரபாண்டியத்துத் தறிவீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் இறங்க ஒரு காலை உள்ளே விட்டு மறு காலை மேலே வைக்க வேண்டும். உட்கார்ந்த பின் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். இந்த மூட்டு வலிக்கு இதைவிடப் பொருந்தாத வேலை அரிது. வலி தொடங்கிவிட்டால் மிதிக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்வது நல்லது. தவிர்க்கவே முடியாத நாளில், குழியின் விளிம்பில் முதலில் உட்கார்ந்து, இரு கால்களையும் சேர்த்தே திருப்பி உள்ளே இறக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். தறிக்கு நூல் தார் சுற்றுவது லேசான வேலைதானே என்று தோன்றும். ஆனால் தரையில் ஒரு காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அதுவும் இழுக்கும். ராட்டையை உயரத்தில் வைத்து, நாற்காலியில் அமர்ந்து சுற்றுங்கள்.

ராஜபாளையத்து நூற்பாலைகளில் ரிங் பிரேம் பார்க்கும் பெண்களும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளில் நிற்கும் பெண்களும் ஷிப்ட் முழுக்க நின்றும் நடந்தும்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகப்பேறு நலன் பற்றிய சட்டத்திலேயே, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களிலும் அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும், கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கும் வேலை தரக்கூடாது என்று இருக்கிறது. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். வலி அதற்கும் முன்பே வந்துவிட்டால் மருத்துவரின் சீட்டோடு போய் உட்கார்ந்து செய்யும் வேலை கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி வீட்டுக்குள். படுக்கையிலிருந்து எழும்போது முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்பி, இரு கால்களையும் ஒன்றாகக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். ஒருக்களித்துப் படுத்து, கால்களுக்கு நடுவே முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தலையணை வையுங்கள். உடை மாற்றுவதை உட்கார்ந்தே செய்யுங்கள். படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்த பிறகு அடுத்த படி. குடத்தை இடுப்பில் வைப்பதும் மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்குவதும் வேண்டாம். குந்தி உட்கார்ந்து வீடு துடைப்பது, சம்மணமிட்டு நெடுநேரம் இருப்பது இரண்டையும் விடுங்கள். வளைகாப்பு மணையில் உட்கார வேண்டியிருந்தால் மணைக்குப் பதில் நாற்காலி போடச் சொல்லுங்கள். சடங்குக்கு ஒரு குறையும் வராது. கழிப்பறையில் குந்த முடியவில்லை என்றால் நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது.

பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது உடலைத் திருகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பரிசோதனைக்குப் போவதென்றாலும் பஸ்ஸோ ஆட்டோவோ மேல். ஆட்டோவில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு கால்களைச் சேர்த்து உள்ளே எடுங்கள். ஆடிப்பூரத் தேருக்கு நெரிசலில் நிற்பதை இந்த ஒரு வருடம் விட்டுக்கொடுங்கள்.

அசையாமல் படுத்தே கிடப்பதும் தீர்வல்ல. வலி வராத அளவுக்கு நடங்கள். பிசியோதெரபி பார்ப்பவரிடம் போனால் இடுப்பு, அடிவயிறு, இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிகளைச் சொல்லித் தருவார். தேவைப்பட்டால் இடுப்பு பெல்ட்டின் அளவும் பார்த்துச் சொல்வார். அதை எந்த இடத்தில் கட்டுவது என்று அவரிடமே கட்டிப் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். முதுகுப் பக்கம் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளும், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகைகளும் வேண்டவே வேண்டாம். ஜெல்லாகத் தடவினாலும் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். பாராசிட்டமால்கூட அவர் சொல்லும் அளவில்தான். 'வயிறு சுத்தமாகட்டும்' என்று விளக்கெண்ணெய் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

எல்லா வலியையும் மூட்டு வலி என்று எண்ணிவிடவும் கூடாது. விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, ரத்தமோ நீரோ பட்டாலோ, காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் தானாகக் கசிந்தாலோ அல்லது போகவே முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனை. வண்டிக்கு 108.

பிரசவத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மல்லாந்து படுத்து, வலி தொடங்கும் இடம் வரை மட்டும் முழங்கால்களை விலக்கி, இடைவெளியை டேப்பால் அளந்து பரிசோதனை அட்டையில் எழுதி வையுங்கள். பிரசவ அறையில் செவிலியரிடம் அதைக் காட்டி, அதற்கு மேல் கால்களை விரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ பிள்ளை பெற முடியுமா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போயிருந்தால் வலி தெரியாது. அப்போதுதான் கால்கள் அளவுக்கு மீறி விரிந்துவிடும்.

பிள்ளை பிறந்தபின் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தணிந்துவிடும். தணியாமல் இழுத்துக்கொண்டே போனால் அதற்கும் சிகிச்சை உண்டு. தலைப்பிள்ளையோடு போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அடுத்த முறை கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றைக்கே, போன தடவை இந்த வலி இருந்தது என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் மாதத்திலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம்.