சிறு காரியாலயமும் தடுமாறும் ஆளியும்

றக்வான நகரின் கடைவீதியிலே, நான்கைந்து கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் கொண்ட சிறு காரியாலயம் ஒன்றை மனத்திற் கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குரிய படிவத்தை நிரப்புதற்கோ, கடல் கடந்து சென்ற மகள் அனுப்பிய பணத்தைப் பெறுதற்கோ, தோட்டத்திலிருந்து தொழிலாளி ஒருவர் அங்கே இறங்கி வருகின்றார். அன்றைய பேரை இழந்து வந்தவருக்கு, "லைன் விழுந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள்" என்னும் விடை கிடைப்பின், மறுநாட் பேரும் போயிற்று. லைன் சிறிது நேரத்தில் தானே எழுகின்றது, எல்லாரும் மறந்துவிடுகின்றனர், பின்னும் விழுகின்றது. முற்றாகப் பழுதான பொறியைத் திருத்துதல் எளிது. விட்டுவிட்டுப் பழுதாகும் பொறியே நம் அறிவைச் சோதிப்பது. அத்தகைய பழுதை ஒழுங்காக ஆராயும் முறையை, மாணவர்க்கும் காரியாலயம் நடத்தும் பழைய மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கணினிகளின் வடங்கள் யாவும் வந்து கூடும் சிறு பெட்டியே சுவிச்சு எனப்படும் ஆளி. அதன் தொழில், தபாற்கந்தோரிற் கடிதம் பிரிப்பவரின் தொழிலை ஒத்தது. ஒவ்வொரு தரவுப் பொதியிலும் அனுப்பும் பொறியின் முகவரியும் பெறும் பொறியின் முகவரியும் உள. எம்முகவரி எத்துறையின் பக்கம் உள்ளது என்பதை, வரும் பொதிகளைக் கொண்டே ஆளி கற்றுக்கொண்டு, உரிய துறைக்கு மட்டும் பொதியை விடுக்கின்றது. முகவரி இன்னும் அறியப்படாததாயின், அல்லது பொதி எல்லார்க்கும் உரிய அறிவிப்பாயின், வந்த துறை ஒழிந்த ஏனைத் துறைகள் எல்லாவற்றுக்கும் அதனைப் படியெடுத்து அனுப்புகின்றது. இவ்வியல்பை நினைவில் வைத்தல் வேண்டும்.

லைன் விழுந்தவுடன் புதிய ஆளி வாங்க ஓடுவாரும் உளர். புதியதும் சின்னாளில் தடுமாறவே, மட்டமான சரக்கு என்று கடைக்காரரை நோகின்றனர். உண்மையில் ஆளி நோயாளியாக இராமல், நோயைக் காட்டும் நாக்காக மட்டும் இருத்தல் கூடும். ஆதலின், எதனையும் கழற்றுமுன் அதன் விளக்குகளை நோக்குக. எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து மீண்டும் எரியின், மின்வழங்கலை ஐயுறுக. ஒரு துறையின் விளக்கு மட்டும் அவ்வாறாயின், அத்துறைக்கு வரும் வடத்தை ஐயுறுக. ஒருவரும் வேலை செய்யாதபோதும் எல்லா விளக்குகளும் ஓயாது துடிப்பின், வடங்கள் எங்கோ வளையமாகிவிட்டன என்று ஐயுறுக.

முதலில் மின்வழங்கல். நம் நாட்டில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். சிறு ஆளிகள் வேண்டுவதோ பெரும்பாலும் 5, 9 அல்லது 12 வோல்ற்று நேரோட்டம். இம்மாற்றத்தைச் செய்யும் அடப்ரரின் உள்ளேயுள்ள கொள்ளளவிகள் வெப்பத்தினால் நாளடைவில் வலியிழக்கின்றன. அப்பொழுது வேலை குறைந்த வேளையில் ஒழுங்காயிருக்கும் ஆளி, வேலை மிகுந்த வேளையில் மின் போதாமல் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அதே வோல்ற்றளவும், குறையாத அம்பியர் அளவும், செருகியில் அதே நேர், எதிர் முனைகளும் உடைய வேறோர் அடப்ரரை இட்டுப் பார்த்தலே எளிய சோதனை. சிறு ஆளிகள் பல, 40 பாகை செல்சியசு வரையான சூழலுக்கே அமைந்தவை. தகரக் கூரையின் கீழ், பூட்டிய அலுமாரிக்குள் ஆளியை வைத்தல் தகாது.

அடுத்தது வடம். முறுக்கிய சோடிக் கம்பி வடம் 100 மீற்றர் வரையே நம்பத்தக்கது. அதனுள் 4 சோடிகளாக 8 கம்பிகள் உள. நொடிக்கு 100 மெகாபிற்று வேகத்துக்கு இரு சோடிகள் போதும். 1000 மெகாபிற்றுக்கு நான்கும் வேண்டும். ஆகவே ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு முற்றாக அறாமல் வேகம் மட்டும் குறைதலும் உண்டு. ஐயத்துக்குரிய வடத்தை வேறு துறைக்கு மாற்றிச் செருகுக. பழுது வடத்தோடு கூடச் சென்றால் வடமோ அதன் மறுமுனைக் கணினியோ குற்றமுடையது. பழைய துறையிலேயே நின்றால் மட்டும் ஆளி குற்றமுடையது.

மூன்றாவது வளையம். மேசையின் கீழ்க் கிடந்த வடத்தின் வெறுமுனையைக் கண்ட ஒருவர், நல்லெண்ணத்தோடு அதனையும் ஆளியிற் செருகுகின்றார். அதன் மறுமுனையும் அதே ஆளியில் இருந்தால் வளையம் பிறந்தது. எல்லார்க்கும் உரிய அறிவிப்புப் பொதி அவ்வழியே சுற்றிச்சுற்றி வந்து பெருகும். ஈதர்நெற்றுப் பொதிக்கு ஆயுள் வரையறை இன்மையால் அது தானே மடியாது. ஒரே ஒரு வடத்தால் காரியாலயம் முழுவதும் திணறும். இதனைத் தடுக்க, வடங்களை மரத்தின் கிளைகள் போலக் கருதி, மிகையான வழியைத் தானே அடைக்கும் நெறிமுறையை 1985ஆம் ஆண்டில் ராடியா பேர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். மலிவான ஆளிகள் பலவற்றில் அது இல்லை. அந்நெறிமுறைக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் வலையமைப்பு அவ்வெல்லைக்கு மேல் வளர்ந்து, 2002 நவம்பர் 13ஆம் நாள் குலைந்தது. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் கடதாசியில் எழுதியே நோயாளரைப் பேணினர். சிறு காரியாலயத்துக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டாம்: எல்லா வடங்களையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், குற்றவாளி தானே அகப்படும்.

சப்பிரகமுவ மலைச்சாரலுக்கு இன்னொரு பகை இடி மின்னல். மார்ச், ஏப்பிரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் மாலையில் முழங்கும் இடியோடு, இரு கட்டடங்களுக்கிடையே ஓடும் செப்பு வடத்தில் மிகைமின் பாய்ந்து ஆளியின் துறைகளைச் சுடும். மின்செருகியை மட்டும் கழற்றி வடங்களை விட்டுவைப்பது பாதிக் காவலே. கட்டடத்துக்குக் கட்டடம் ஒளியிழை வடம் இடுவதே தக்கது. கண்ணாடியிழை மின்னைக் கடத்தாது.

இறுதியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. அடப்ரரையும் வடத்தையும் ஆளியையும் ஒருங்கே மாற்றினால், பழுது நீங்கினும் காரணம் விளங்காது. காரணம் விளங்காத பழுது மீண்டும் வரும். ஆளியின் அருகே ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, லைன் விழுந்த நேரம், விளக்குகளின் நிலை, வெளியே மழையா வெயிலா, மாற்றியது யாது என்பவற்றைக் குறித்து வருக. இரு கிழமைக் குறிப்பு, இரு புதிய ஆளிகளினும் மிகுதியாக நமக்குக் கற்பிக்கும். மலையிறங்கி வந்தவர் அன்றே தம் காரியம் முடித்துத் திரும்புதற்கு அக்கொப்பியும் ஒரு துணை.