மச்சுப்படித் தூண் ஏன் ஆடுகிறது?

நாமக்கல், சேலம் வட்டாரத்துப் பழைய மச்சு வீடுகளில் மரப்படிக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் கைப்பிடியைத் தாங்கும் தூணை மெல்ல அசைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது ஆடும். படியிறங்கும் பாட்டி கால் இடறினால் பற்றிக்கொள்வது அந்தத் தூணைத்தான். ஆகவே, அது ஏன் ஆடுகிறது என்று அறிவது அவசியமாகும்.

தூண் ஒரு நெம்புகோல். படிக்கு மேலே அதன் உயரம் 90 செ.மீ. என்றும், நாக்குப்போல் செதுக்கிய அதன் அடிமுனை 5 செ.மீ. ஆழக் குழியில் இறங்கியுள்ளது என்றும் கொள்வோம். உச்சியில் ஒருவர் 100 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன், பக்கவாட்டில் தள்ளுகிறார். குழியின் மேல்விளிம்பைப் பற்றிய திருப்புத்திறன் 100 × 90 = 9000 நியூட்டன் செ.மீ. ஆகும். இதைச் சமன்செய்ய நாக்கின் நுனியில் 9000 ÷ 5 = 1800 நியூட்டன் விசை வேண்டும். தள்ளியதைப்போல் 18 மடங்கு! குழியின் சுவர் நாளடைவில் நசுங்குவதில் வியப்பில்லை அல்லவா?

இரண்டாவது காரணம் ஈரம். மரம் உலர்ந்தால் சுருங்கும். ஈரம் ஏற்றால் உப்பும். நார்களின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில் பல மடங்கு அதிகம். ஐப்பசி மழையில் உப்பும் நாக்கு, குழிக்குள் நெருக்குண்டு நசுங்குகிறது. சித்திரை வெயிலில் சுருங்கும்போது முன்னிலும் மெலிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இடைவெளி வளர்கிறது.

ஆடும் தூணில் பலர் இன்னோர் ஆணியை அறைவார்கள். ஆணியைப் பிடித்திருப்பது நார்களின் உராய்வு. மரம் சுருங்கி அசைய, அப்பிடி தளரும்; ஆணி மேல் ஆணி அறைந்தால் மரமே பிளக்கும்.

நாமக்கல் லாரிப் பாடி பட்டறைகளைப் பாருங்கள். சாலைக் குலுக்கலைத் தாங்க வேண்டிய மரச்சட்டங்களை ஊடுருவிச் செல்லும் போல்ட்டால் இணைப்பார்கள். வாஷர் அழுத்தத்தைப் பெரும் பரப்பில் பரப்புகிறது. தளர்ந்தால் நட்டை மீண்டும் முடுக்கலாம். இம்முறை தூணுக்கும் ஏற்றது. தூணின் அடிப்பகுதி படிக்கட்டின் பக்கச் சட்டத்தை ஒட்டிக் கீழிறங்கினால், படிமட்டத்தில் ஒன்றும் அதற்கு 15 செ.மீ. கீழே ஒன்றுமாக இரு போல்ட்டுகள் போடலாம். இப்போது கீழ் இணைப்பில் தேவைப்படும் விசை 9000 ÷ 15 = 600 நியூட்டன்தான். மூன்றில் ஒரு பங்கு!

குழியில் மட்டும் நிற்கும் தூணானால், அதைக் கழற்றித் தூசியையும் பழைய பசையையும் சுரண்டி, பசை தடவிய மெல்லிய மர ஆப்புகளால் இடைவெளியை இறுக்க வேண்டும். எதற்கும் முன்னதாக, திருப்புளி முனையால் அடிமரத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். எளிதில் உள்ளிறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கிறது என்று பொருள். அம்மரத்தை மாற்றியே தீர வேண்டும். வேலையைத் தச்சரிடம் விடுங்கள். காரணத்தை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு சோதனை: தூணடி இடைவெளியில் எத்தனை தாள் துண்டுகள் நுழைகின்றன என்று சித்திரையிலும் ஐப்பசியிலும் எண்ணிக் குறித்துவையுங்கள். இரண்டு எண்களும் வேறுபட்டால், அதன் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.