வாக்த்ரூவில் கதவு திறக்க: முதலில் கீலைக் கவனியுங்கள்

ஸ்கெட்ச்அப்பில் வரைந்த வீட்டை டேட்டாஸ்மித் வழியாக அன்ரியல் எஞ்சினுக்குக் கொண்டுபோகிறவர்கள், கதவு திறக்கவில்லை என்றதும் புளூபிரிண்டைக் குடைகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, ஸ்கெட்ச்அப்பிலேயே, கதவின் அச்சில் இருக்கிறது.

1. நிலை வேறு, கதவு வேறு காம்பொனென்டாக இருக்கட்டும். கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் எக்ஸ்ப்ளோட் செய்து கதவோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதவு திறக்கும், கைப்பிடி அந்தரத்தில் நிற்கும்.

2. அச்சைக் கீலுக்கு மாற்றுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். கதவு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பதை அன்ரியல் தானாக ஊகிக்காது. காம்பொனென்டின் அச்சு எங்கே இருக்கிறதோ, அதையே பிவட்டாக எடுத்துக்கொள்ளும். அச்சு நடுவில் இருந்தால் கதவு நடுவில் சுழலும். பலகையின் மூலையில் இருந்தால் திறக்கும்போது விளிம்பு நிலைக்குள் புகுந்துவிடும். கதவை வலது சொடுக்கி, 'சேஞ்ச் ஆக்ஸஸ்' கொடுத்து, கீல் உருளையின் மையத்தில் கீழ்முனையைப் பிடியுங்கள். நீல அச்சு நேர் மேலே இருக்க வேண்டும்.

இரட்டைக் கதவென்றால் ஒன்றைப் பிரதியெடுத்து ஃபிளிப் செய்யாதீர்கள். மைனஸ் ஸ்கேலோடு வந்து திசையைக் குழப்பும். நகலுக்கு 'மேக் யுனீக்' கொடுத்து, எதிர்ப்பக்கக் கீலில் அச்சை வையுங்கள்.

அன்ரியலிலேயே 'எடிட் பிவட்' இருக்கிறதே என்பார்கள். வேண்டாம். பிளான் மாறி மறுபடி இம்போர்ட் செய்தால் அந்தத் திருத்தம் போய்விடும். ஸ்கெட்ச்அப்பில் ஒருமுறை சரிசெய்தால் அந்தக் கதவின் எல்லா நகல்களுக்கும் சேர்த்தே சரியாகிவிடும்.

3. அன்ரியலில் ஆக்டர் புளூபிரிண்ட் ஒன்று திறந்து, கதவைச் சேர்த்து, மொபிலிட்டியை 'மூவபிள்' ஆக்குங்கள்.

4. பாக்ஸ் கொலிஷனைக் கதவின் இருபுறமும் ஒன்றரை மீட்டர் நீளும்படி வையுங்கள். அதை ரூட்டுக்குக் கீழே வையுங்கள், கதவுக்குக் கீழே வேண்டாம். கதவோடு பெட்டியும் திரும்பினால் ஆள் பெட்டிக்கு வெளியே போய்விடுவார். கதவு திறந்து மூடிப் படபடக்கும்.

5. பிகின் ஓவர்லேப்பிலிருந்து டைம்லைனின் 'பிளே', எண்ட் ஓவர்லேப்பிலிருந்து 'ரிவர்ஸ்'. 'பிளே ஃப்ரம் ஸ்டார்ட்' கொடுத்தால், பாதியில் திரும்பியவர் கண்முன் கதவு வெடுக்கென்று குதிக்கும். டைம்லைனின் 0–1 மதிப்பை லெர்ப் ரொட்டேட்டருக்கும், லெர்ப் தரும் விடையை 'செட் ரிலேட்டிவ் ரொட்டேஷ'னுக்கும் கொடுங்கள். திறந்த நிலையில் யா (Yaw) 90, எதிர்க்கதவுக்கு −90. ஒரு நொடி போதும்.

6. கதவின் கொலிஷனில் 'பான்' என்பதை 'இக்னோர்' ஆக்குங்கள். திறக்கிற கதவு ஆளைத் தள்ளாது.

குளியலறைக்குள் நுழைய முடியவில்லையா? கேரக்டரின் கேப்சூல் ஆரம் இயல்பாக 34 செ.மீ., அதாவது அகலம் 68. இரண்டரை அடி வாசலில் நிலைச்சட்டம் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. ஆரத்தை 25 ஆக்குங்கள்.

கதவு பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கமாகத் தானே திறக்கும்படி சிலர் செய்து தருகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் பொய். வரைபடத்தில் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கமே திறக்கட்டும். திறந்த கதவு சுவிட்ச் போர்டை மறைக்கிறதா, கட்டிலில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டால், கீலை மறுபக்கம் மாற்றச் சொல்ல நேரமிருக்கும்.